நாலு டாலர் டாக்டர்

இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு

இன்சுலின் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் நம் கல்லூரியில் யாரும் இருக்க மாட்டார்கள். தெருவுக்கு நாலு பேருக்குச் சர்க்கரை வியாதி இருக்கிற காலம் இது. ஆனால் அந்த மருந்தைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் ஒரு பெரிய மேதை, பெரிய ஆராய்ச்சிக்கூடம் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். அதுதான் இல்லை. அவர் முதல் வருடத்திலேயே ஃபெயில் ஆன ஆள். பிராக்டிஸ் தொடங்கிய முதல் மாதத்தில் அவர் சம்பாதித்தது மொத்தம் 4 டாலர்!

அவர் பெயர் ஃபிரெடரிக் பாண்டிங். கனடா நாட்டில் ஒன்டாரியோ மாகாணத்தில் ஆலிஸ்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் 1891 நவம்பர் 14 அன்று பிறந்தார். (நாம் குழந்தைகள் தினம் கொண்டாடுகிற அதே நவம்பர் 14. உலக நீரிழிவு நாளும் அன்றுதான். அது இவருடைய பிறந்த நாளை வைத்து ஏற்பட்டது.) ஐந்து பிள்ளைகளில் இவர்தான் கடைக்குட்டி. மாடு, கன்று, வயல் என்று வளர்ந்த பையன். இந்த மாட்டு விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு வரும்.

டொரான்டோ பல்கலைக்கழகத்தில் முதலில் கலைப் பிரிவில் சேர்ந்தார். முதல் ஆண்டில் தேறவில்லை. நம்ம பாஷையில் சொன்னால் அரியர். ஆனாலும் விண்ணப்பம் போட்டு 1912ல் மருத்துவப் படிப்பில் இடம் வாங்கிவிட்டார். முதல் உலகப் போர் வந்தது. ராணுவத்தில் சேரப் போனால் கண் பார்வை சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். விடவில்லை, மறுபடி போய்ச் சேர்ந்தார். போருக்கு டாக்டர்கள் தேவைப்பட்டதால் இவருடைய வகுப்புக்கே படிப்பைச் சுருக்கி 1916 கடைசியில் பட்டம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். 1918ல் பிரான்சில் காம்பிரே என்ற இடத்துச் சண்டையில் குண்டுச் சில்லு கையைக் கிழித்தது. அந்தக் காயத்தோடேயே மணிக்கணக்காக மற்றச் சிப்பாய்களுக்கு மருத்துவம் பார்த்தார். அதற்காக ராணுவச் சிலுவை என்ற வீரப் பதக்கம் கிடைத்தது.

போர் முடிந்து திரும்பி வந்தவருக்கு நல்ல ஆஸ்பத்திரியில் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. 1920 ஜூலையில் லண்டன் என்ற ஊரில் (இங்கிலாந்து லண்டன் இல்லை, கனடாவிலேயே அந்தப் பெயரில் ஓர் ஊர்) வீடு வாங்கி போர்டு மாட்டி உட்கார்ந்தார். கிட்டத்தட்ட நாலு வாரம் ஒரு நோயாளியும் எட்டிப் பார்க்கவில்லை. அந்த மாத வருமானம்தான் மேலே சொன்ன 4 டாலர். வேறு வழியில்லாமல் அங்கிருந்த மருத்துவக் கல்லூரியில் பகுதி நேரமாகப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போனார். மணிக்கு 2 டாலர். அந்த வேலைதான் இந்தக் கதையையே திருப்பியது.

1920 அக்டோபர் 30ஆம் தேதி இரவு, கணையத்தைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியிருந்ததால் தயார் செய்துகொண்டிருந்தார். கூடவே மோசஸ் பாரன் என்ற டாக்டர் எழுதிய ஒரு கட்டுரையையும் படித்தார். கணையத்தின் குழாயில் கல் அடைத்தால் என்ன ஆகிறது என்பது பற்றியது. தூக்கம் வரவில்லை. நடுராத்திரி 2 மணிக்கு எழுந்து ஒரு நோட்டில் நாலைந்து வரி எழுதிவைத்துவிட்டுப் படுத்தார். மொத்தம் 25 வார்த்தை இருக்கும். அதில் டயாபடீஸ் என்ற வார்த்தைக்கே ஸ்பெல்லிங் தப்பு! ஸ்பெல்லிங் மிஸ்டேக்குக்காக ரெக்கார்டு நோட்டைத் திருப்பி வாங்குகிற நம்மவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்கவும்.

அப்படி என்ன எழுதினார்? அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பாடம் வேண்டும். நம் வயிற்றில் இரைப்பைக்குப் பின்னால் கணையம் இருக்கிறது. அது இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, சாப்பாட்டைச் செரிக்கும் நீரைக் குழாய் வழியாகக் குடலுக்கு அனுப்புவது. இன்னொன்று ரத்தத்தில் உள்ள சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது. 1889ல் ஜெர்மனியில் மின்கோவ்ஸ்கி, வான் மேரிங் என்ற இருவர் ஒரு நாயின் கணையத்தை வெட்டி எடுத்துப் பார்த்தார்கள். நாய்க்குச் சர்க்கரை வியாதி வந்துவிட்டது. கணையத்துக்குள் தீவுகள் மாதிரிச் சிறு சிறு திட்டுகள் இருப்பதை 1869லேயே லாங்கர்ஹான்ஸ் என்ற மாணவர் மைக்ராஸ்கோப்பில் பார்த்திருந்தார். (ஆமாம், அவரும் அப்போது மாணவர்தான்.) சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் சரக்கு அந்தத் தீவுகளில் ஊறுகிறது என்று பலரும் யூகித்தார்கள். ஆனால் கணையத்தை அரைத்துச் சாறு எடுத்தால் அது உருப்படியாக வேலை செய்யவில்லை. செரிமான நீர் அந்தச் சரக்கை அழித்துவிடுகிறது என்று பாண்டிங் நினைத்தார். அப்படியானால் கணையக் குழாயைக் கட்டிவிட்டுச் சில வாரம் காத்திருந்தால் செரிமானப் பகுதி சுருங்கிச் சாகும், தீவுகள் மட்டும் மிஞ்சும், அதிலிருந்து சாறு எடுக்கலாம். இதுதான் அந்த 25 வார்த்தை.

இந்த யோசனையைத் தூக்கிக்கொண்டு டொரான்டோவுக்குப் போய்ப் பேராசிரியர் மெக்லியோடைப் பார்த்தார். மெக்லியோட் ஸ்காட்லாந்துக்காரர். சர்க்கரை எப்படி உடம்பில் எரிகிறது என்பதில் உலகப் புகழ் பெற்றவர். அவர் முன்னால் இவர் நின்று பேசியபோதே, இந்த ஆளுக்கு விஷயம் மேலோட்டமாகத்தான் தெரியும் என்று பேராசிரியருக்குப் புரிந்துவிட்டது. நியாயம்தான். பாண்டிங் அதுவரை ஆராய்ச்சியே செய்தது கிடையாது. இருந்தாலும் கடைசியில் சம்மதித்தார். கோடை விடுமுறைக்கு ஓர் அறை, 10 நாய்கள், உதவிக்கு ஒரு மாணவர். இதில் மெக்லியோடைப் பலரும் வில்லன் மாதிரி எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முன்பின் தெரியாத ஒருவருக்கு லேப் சாவியைக் கொடுப்பது சாதாரண விஷயமா?

உதவிக்கு வந்த மாணவர் சார்லஸ் பெஸ்ட். வயது 22. அப்போதுதான் பட்டப் படிப்புத் தேர்வு எழுதி முடித்திருந்தார். பெஸ்ட், நோபிள் என்று இரண்டு மாணவர்கள் இருந்தார்களாம். யார் முதலில் போவது என்று காசு சுண்டிப் பார்த்ததில் பெஸ்ட் ஜெயித்ததாகச் சொல்வார்கள். நோபிள் அதற்கப்புறம் வாழ்நாளில் எத்தனை தடவை அந்தக் காசை நினைத்திருப்பாரோ!

1921 மே 17 அன்று வேலை தொடங்கியது. பாண்டிங் ஆபரேஷன் செய்வார், பெஸ்ட் ரத்தத்திலும் சிறுநீரிலும் சர்க்கரை அளவைச் சோதிப்பார். சில வாரத்தில் மெக்லியோட் ஊருக்குக் கிளம்பிவிட்டார். அதற்குப் பிறகு இவர்கள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. அறை அழுக்கு. அந்த வருடம் நல்ல வெயில் வேறு. முதல் சில வாரத்தில் 10 நாயில் 7 செத்துப்போனது. குழாயைக் கட்டப் போட்ட நரம்பு நூல் உள்ளேயே கரைந்து, கட்டு அவிழ்ந்துவிட்டது. மறுபடி வயிற்றைத் திறந்து பட்டு நூலால் கட்டினார்கள். நாய் தீர்ந்ததும் சொந்தக் காசில் வாங்கினார்கள். இருவருக்கும் அப்போது சம்பளம் கிடையாது. பாண்டிங் தன் பழைய ஃபோர்டு காரையே விற்றார். லேபிலேயே பன்சன் பர்னரில் சமைத்துச் சாப்பிட்டதும் உண்டு.

ஜூலை 30 அன்று 410 என்று நம்பர் போட்ட ஒரு வெள்ளை நாய்க்குச் சாற்றை ஊசி மூலம் ஏற்றினார்கள். ஒரு மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை 0.20 சதவீதத்திலிருந்து 0.12 சதவீதத்துக்கு இறங்கியது. மறுநாள் காலை அந்த நாய் செத்துப்போனது. ஆனால் இறங்கியது இறங்கியதுதானே! அதே போல மற்ற நாய்களிலும் இறங்கியது.

செப்டம்பரில் மெக்லியோட் திரும்பி வந்தார். கணக்கெல்லாம் பார்த்துவிட்டு, இது போதாது, இன்னும் சோதனை செய்து நிரூபிக்க வேண்டும் என்றார். பாண்டிங்குக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. சம்பளம், நல்ல அறை, நாய்களைப் பார்த்துக்கொள்ள ஆள் எல்லாம் வேண்டும், இல்லையென்றால் வேறு இடம் போகிறேன் என்று சண்டை போட்டார். பிறகு கேட்டதில் பெரும்பாலும் கிடைத்தது. ஆனால் அன்று விழுந்த விரிசல் கடைசி வரை சேரவே இல்லை.

இப்போது அந்த மாட்டு விஷயத்துக்கு வருவோம். நாயின் கணையக் குழாயைக் கட்டி வாரக்கணக்கில் காத்திருந்து, கிடைக்கிற துளிச் சாற்றை வைத்து என்ன செய்ய முடியும்? நவம்பரில் பாண்டிங்குக்கு ஒரு யோசனை வந்தது. வயிற்றுக்குள் இருக்கும் கன்றுக்குச் செரிமான வேலை கிடையாது, அதனால் அதன் கணையத்தில் செரிமான நீர் குறைவாகவும் தீவுகள் அதிகமாகவும் இருக்கும். அந்தக் கன்றுக் கரு எங்கே கிடைக்கும்? விவசாயி மகனுக்கு அது தெரிந்திருந்தது. பசு நன்றாகத் தின்று எடை போட வேண்டும் என்பதற்காக, இறைச்சிக்கு அனுப்பும் முன் சினைப்படுத்துவது அங்கே வழக்கம். நேரே கசாப்புக் கூடத்துக்குப் போய்க் கன்றுக் கருக்களின் கணையத்தை வாங்கி வந்தார்கள். சாறு பலித்தது! பெரிய புத்தகங்களைக் கரைத்துக் குடித்தவர்களுக்குத் தோன்றாதது மாட்டுக் கொட்டகையில் வளர்ந்தவருக்குத் தோன்றியது. நம்மில் பலரும் அந்த மாதிரி வீட்டிலிருந்து வந்தவர்கள்தான். அதனால்தான் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

டிசம்பரில் இன்னொன்றும் தெரிந்தது. சாதாரணப் பெரிய மாட்டின் முழுக் கணையத்தையே ஆல்கஹாலில் ஊறவைத்துச் சாறு எடுத்தாலும் மருந்து கிடைக்கிறது. அப்படியென்றால் குழாயைக் கட்ட வேண்டிய அவசியமே இல்லை! அதாவது, நடுராத்திரி எழுதிவைத்த அந்த யோசனை உண்மையில் தவறு. புதிதாக எடுத்த கணையத்தில் செரிமானப் புளிப்பு இன்னும் வேலை செய்யும் நிலைக்கு வந்திருக்காது. இதை முதலிலேயே தெரிந்த ஒருவர் இந்த ஆராய்ச்சியில் இறங்கியிருக்கவே மாட்டார். தவறான யோசனை சரியான இடத்தில் கொண்டுவந்து விட்டதை எண்ணினால் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

இங்கேதான் நாலாவது ஆள் வருகிறார். ஜேம்ஸ் காலிப். ஆல்பர்டாவிலிருந்து விடுப்பில் வந்திருந்த உயிர்வேதியியல் நிபுணர். சாற்றைச் சுத்தம் செய்யும் வேலையை எடுத்துக்கொண்டார்.

1922 ஜனவரி 11. டொரான்டோ பொது மருத்துவமனையில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையன் கிடந்தான். எடை 65 பவுண்டு, அதாவது 30 கிலோ கூட இல்லை. அந்தக் காலத்தில் சர்க்கரை வியாதிக்கு ஒரே வைத்தியம் பட்டினிதான். சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்து, எலும்பும் தோலுமாக இன்னும் கொஞ்ச நாள் இழுத்துக்கொண்டு இருப்பார்கள். பாண்டிங்கும் பெஸ்ட்டும் தயாரித்த சாற்றை அவனுக்குப் போட்டார்கள். சர்க்கரை சிறிதுதான் இறங்கியது. ஊசி போட்ட இடம் சீழ் கட்டியது. மருந்தில் அவ்வளவு அழுக்கு! நிறுத்திவிட்டார்கள்.

காலிப் அடுத்த 12 நாளில் விடையைக் கண்டுபிடித்தார். ஆல்கஹாலின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அழுக்குப் புரதங்கள் எல்லாம் படிந்துவிடும், மருந்து மட்டும் கரைந்து நிற்கும். இன்னும் சற்றுக் கூட்டி 90 சதவீதத்தைத் தாண்டினால் மருந்தும் படிந்துவிடும். அந்தப் படிவுதான் வேண்டியது. ஜனவரி 23 முதல் லெனார்டுக்கு அதைப் போட்டார்கள். 520ல் இருந்த சர்க்கரை ஒரே நாளில் 120க்கு வந்தது. பையன் எழுந்து உட்கார்ந்தான். அதற்குப் பிறகு 13 வருடம் வாழ்ந்து, 1935ல் நிமோனியாவில் இறந்தான்.

சந்தோஷமான நேரம்தானே என்று நினைப்பீர்கள். அந்த ஜனவரியில்தான் லேபில் அடிதடியே நடந்தது. செய்முறையைச் சொல்ல மாட்டேன் என்று காலிப் சொன்னாராம். பாண்டிங் அவருடைய சட்டையைப் பிடித்துவிட்டார். பெஸ்ட் நடுவில் புகுந்து பிடித்து இழுத்ததாகச் சொல்கிறார்கள். ஒர்க்‌ஷாப்பில் ஒரே வைஸுக்கு இரண்டு பேட்ச் சண்டை போடுகிற மாதிரிதான். ஜனவரி 25 அன்று, தனித்தனியாக யாரும் பேட்டன்ட் வாங்கப் போகக் கூடாது என்று எல்லோரிடமும் எழுதி வாங்கினார்கள். மே மாதம் வாஷிங்டன் மாநாட்டில் மெக்லியோட் இந்தக் கண்டுபிடிப்பை அறிவித்தார். தீவு என்பதற்கான லத்தீன் வார்த்தையிலிருந்து வந்த இன்சுலின் என்ற பெயர் நிலைத்தது.

அடுத்து நடந்ததுதான் என் போன்ற டிப்ளமோக்காரனுக்குப் பிடித்த பகுதி. சின்னக் குடுவையில் செய்ததைப் பெரிய தொட்டியில் செய்யப் போனால் மருந்து வரவே இல்லை! காலிப்புக்கே தான் செய்தது திரும்ப வரவில்லை. வெளியே பிள்ளைகள் செத்துக்கொண்டிருக்கிறார்கள், இங்கே மருந்து இல்லை. 1922 வசந்த காலம் முழுக்க இதே போராட்டம். ஆல்கஹாலைப் போக்க அதிகமாகச் சூடு காட்டினால் மருந்து கெடுகிறது என்று தெரிந்து, காற்றை ஊதி ஆவியாக்கும் ஏற்பாடு செய்தார்கள். அமெரிக்காவில் எலி லில்லி நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். அங்கே ஜார்ஜ் வால்டன் என்பவர், கரைசலின் அமிலத்தன்மையை ஒரு குறிப்பிட்ட புள்ளியில் நிறுத்தினால் இன்சுலின் தானாகப் பிரிந்து படிகிறது என்று கண்டுபிடித்தார். சுத்தமும் பல மடங்கு கூடியது. கண்டுபிடிப்பு வேறு, தயாரிப்பு வேறு. கண்டுபிடித்தவர் படம் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. வால்டன் படத்தை யார் பார்த்தோம்?

எங்கள் வீட்டில் அப்பாயிக்குச் சர்க்கரை. அரசு ஆஸ்பத்திரியில் கொடுக்கிற குப்பியை, ஃபிரிட்ஜ் இல்லாததால் மண்பானைத் தண்ணீர்ப் பக்கத்தில் வைத்திருப்போம். வீட்டில் எழுத்துப் படித்தவன் நான் ஒருவன்தான் என்பதால் ஊசி போடுவதும் நான்தான். குப்பியில் மில்லிக்கு 40 யூனிட் என்றிருந்தால் சிவப்பு மூடிச் சிரிஞ்ச், 100 யூனிட் என்றால் ஆரஞ்சு மூடி. மாற்றிப் போட்டால் ஆபத்து. யூனிட் என்று தினமும் படிக்கிறேனே, அது என்ன அளவு என்று தேடப் போய்த்தான் இந்தக் கதை முழுவதும் எனக்குக் கிடைத்தது. ஆரம்பத்தில் ஒரு முயலின் சர்க்கரையை எவ்வளவு இறக்குகிறது என்பதை வைத்துத்தான் யூனிட்டைக் கணக்கிட்டார்களாம்.

பேட்டன்ட் விஷயம் முக்கியம். டாக்டர் மருந்தில் லாபம் பார்க்கக் கூடாது என்று பாண்டிங் முதலில் தன் பெயரைப் போடவே மறுத்தார். பெயர் இல்லாவிட்டால் பேட்டன்ட் செல்லாது என்று வக்கீல்கள் சொன்ன பிறகுதான் ஒத்துக்கொண்டார். 1923 ஜனவரியில் பாண்டிங், பெஸ்ட், காலிப் மூவர் பெயரிலும் அமெரிக்கப் பேட்டன்ட் வந்தது. மூன்று பேரும் ஆளுக்கு 1 டாலர் வாங்கிக்கொண்டு டொரான்டோ பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வேறு யாரும் பேட்டன்ட் எடுத்து மருந்தை முடக்கிவிடக் கூடாது என்பதுதான் நோக்கம். நூறு வருடம் கழித்து அதே அமெரிக்காவில் இன்சுலின் விலை தாங்காமல் டோஸைக் குறைத்துப் போட்டுக்கொண்டவர்கள் உண்டு என்பதைப் படித்தபோது அந்த 3 டாலர்தான் ஞாபகத்துக்கு வந்தது.

1923ல் நோபல் பரிசு. பாண்டிங்குக்கும் மெக்லியோடுக்கும்! பெஸ்ட் பெயர் இல்லை, காலிப் பெயர் இல்லை. மெக்லியோடுக்குக் கொடுத்ததைக் கேட்டுப் பாண்டிங் பரிசே வேண்டாம் என்று குதித்தார். பலர் சமாதானம் சொன்ன பிறகு வாங்கிக்கொண்டு, தன் பணத்தில் பாதியைப் பெஸ்ட்டுக்குக் கொடுப்பதாக அறிவித்தார். மெக்லியோட் தன் பங்கில் பாதியைக் காலிப்புக்குக் கொடுத்தார். அப்போது பாண்டிங்குக்கு வயது 32 கூட முடியவில்லை. மருத்துவத்தில் இன்றுவரை அதைவிடச் சின்ன வயதில் அந்தப் பரிசை வாங்கியவர் இல்லை. நாலு பேரும் இல்லாமல் இன்சுலின் வந்திருக்காது என்பது என் கருத்து. ருமேனியாவில் பவுலெஸ்கு என்பவரும் கணையச் சாற்றால் நாயின் சர்க்கரையை இறக்கி, 1921லேயே கட்டுரை வெளியிட்டிருந்தார். அவருக்குப் பரிசும் இல்லை, பெயரும் இல்லை. இதையும் சொல்லாமல் விட்டால் அது நியாயம் ஆகாது.

அப்புறம் என்ன? நாடாளுமன்றம் வருடம் 7,500 டாலர் ஆயுள் மானியம் கொடுத்தது. 1934ல் சர் பட்டம். பல்கலைக்கழகத்தில் அவர் பெயரிலேயே துறை. ஆனால் அதற்குப் பிறகு அவருக்கு இன்னொரு பெரிய கண்டுபிடிப்பு அமையவில்லை. புற்றுநோயில் முயன்றார், கிடைக்கவில்லை. சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரலைக் கெடுக்கும் தூசி நோயைப் பற்றி ஆராய்ச்சி நடத்தினார். மனசு ஆறப் படம் வரைந்தார். ஜாக்சன் என்ற பெரிய ஓவியரோடு 1927ல் வட துருவப் பக்கம் வரைக்கும் போய் வரைந்தவர். கூட்டம், மேடை, பாராட்டு எதுவும் அவருக்கு ஒத்துவரவில்லை.

இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் உடல்நலம் சம்பந்தமான ஆராய்ச்சிகளை நடத்தினார். 1941 பிப்ரவரி 20 இரவு இங்கிலாந்து போவதற்காக ஒரு ஹட்சன் குண்டுவீச்சு விமானத்தில் ஏறினார். கிளம்பிய கொஞ்ச நேரத்தில் எஞ்சின் பழுதாகி, நியூஃபவுண்ட்லாந்தில் மஸ்கிரேவ் ஹார்பர் என்ற ஊருக்குப் பக்கத்தில் பனிக்காட்டில் விழுந்தது. இரண்டு பேர் உடனே இறந்தார்கள். விமானி மட்டும் பிழைத்தார். பாண்டிங் பலத்த காயத்தோடும் குளிரோடும் போராடி மறுநாள் இறந்தார். வயது 49.

1922 ஆகஸ்டில் அவரிடம் வைத்தியத்துக்கு வந்த எலிசபெத் ஹியூஸ் என்ற சிறுமி, அமெரிக்க வெளியுறவு அமைச்சரின் மகள். 15 வயது ஆகப்போகிற பெண்ணுக்கு அன்றைய எடை 45 பவுண்டு. பட்டினி வைத்தியத்திலேயே மூன்று வருடம் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தவள். இன்சுலின் போட்ட சில நாளில் ரொட்டி சாப்பிட்டாள், வளர்ந்தாள், படித்தாள், கல்யாணம் செய்து மூன்று பிள்ளைகள் பெற்றாள். தனக்குச் சர்க்கரை இருப்பதை வெளியே யாருக்கும் சொல்லவே இல்லை. ஏறக்குறைய 42,000 ஊசி போட்டுக்கொண்டு, 1981ல் 73ஆம் வயதில் இறந்தார். பெஸ்ட் 1978ல் காலமானார். டொரான்டோவில் பாண்டிங்கை அடக்கம் செய்த அதே மவுண்ட் பிளசன்ட் கல்லறைத் தோட்டத்தில்தான் அவரையும் அடக்கம் செய்திருக்கிறார்கள்.